பதினொரு மில்லிவிநாடி: உட்லண்ட்ஸ் வீடொன்றில் பழுதான பவர் சப்ளை குறித்த நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் நான்கறை வீடொன்றில் வசிக்கும் அக்கா ஒருவர், வார நாள்களில் மாலை 4 மணிக்குத் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குத் தமிழ்த் துணைப்பாடம் நடத்துகிறார். எஞ்சிய நேரத்தில் திருமணக் காணொளிகளைத் தொகுத்துக் கொடுக்கிறார். அவருடைய மேசைக் கணினிக்கு ஆறு வயது. மூன்று மாதமாக அது வேலையின் நடுவே திடீரென அணைந்து, தானாகவே மீண்டும் எழுந்துகொண்டிருந்தது. நீலத் திரை வருவதில்லை, எச்சரிக்கை எதுவும் தோன்றுவதில்லை. இரண்டு மணி நேரம் ஓடிய ரெண்டர், அதாவது தொகுத்த காணொளியை இறுதிக் கோப்பாக மாற்றும் வேலை, ஒரு நொடியில் வீணாகிவிடும். இந்தக் கணினியின் பவர் சப்ளையை, அதாவது சுவர் மின்சாரத்தைக் கணினிக்கேற்ற மின்னழுத்தங்களாக மாற்றித் தரும் பெட்டியை, நானும், பல்தொழில்துறைக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவரும் சோதித்த விதத்தையும், அதில் முதலில் நாங்கள் எங்கே தவறினோம் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

புகாரும் முதல் ஊகங்களும்

பவர் சப்ளையின் மேல் 600 வாட் என்றும் 80 பிளஸ் பிரான்ஸ் (செயல்திறனுக்கான வெண்கலத் தரச் சான்று) என்றும் அச்சிட்டிருந்தது. அக்கா முதலில் அணுகிய கடையில், 600 வாட் போதவில்லை, 850 வாட் மாற்ற வேண்டும் என்றார்களாம். நான் சுவர் மின்குதையில் வாட் மீட்டரைப் பொருத்திப் பார்த்தேன். கணினி சும்மா இருக்கும்போது 58 வாட் இழுத்தது. ரெண்டர் முழு வேகத்தில் ஓடும்போதும் 280 வாட்டைத் தாண்டவில்லை. சுவரிலிருந்து இழுப்பது 280 என்றால், இழப்பு போக உள்ளே போய்ச் சேர்வது 240 வாட் அளவுதான். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் அளவில் அது பாதிகூட இல்லை. ஆகவே வாட் போதவில்லை என்ற கூற்று முதல் அளவீட்டிலேயே நிற்கவில்லை.

அடுத்த ஊகம் என்னுடையது: வெப்பம். அதற்கு வலுவான காரணங்கள் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. தச்சரிடம் சொல்லிச் செய்த மேசையின் கதவு வைத்த அறைக்குள் கணினி இருந்தது. அதற்கு மேல்தட்டில் சாமி படங்கள். ஆறு வருடச் சாம்பிராணிப் புகையும் வீட்டுத் தூசியும் சேர்ந்து, பவர் சப்ளையின் அடிப்பக்க வலையில் கம்பளி போலப் படிந்திருந்தன. விரலால் தொட்டால் பிசுபிசுத்தது, ஊதினால் அசையவில்லை. கோளாறு நிகழ்ந்ததெல்லாம் பிற்பகலில். சிங்கப்பூரில் வெளியே 31, 32 பாகை செல்சியஸ் காயும் அதே நேரம். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

மற்ற உறுப்புகளை விரைவாகவே கழித்துவிட முடிந்தது. நினைவகச் சோதனை ஓர் இரவு முழுவதும் பிழையின்றி ஓடியது. செயலியும் கிராபிக்ஸ் கார்டும் 75 பாகையைத் தொடவில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் ஒவ்வொரு முறையும் 41 என்ற எண் பதிவாகியிருந்தது. இந்த 41-ஐக் கண்டதும் பவர் சப்ளைதான் போயிற்று என்று முடிவு கட்டுபவர்கள் பலர். அது சொல்வது அவ்வளவு இல்லை: முறைப்படி மூடாமலேயே கணினி மறுபடி தொடங்கியிருக்கிறது என்பதோடு அதன் சாட்சியம் முடிந்துவிடுகிறது, மின்சாரம் எங்கே அறுந்தது என்பது அதற்குத் தெரியாது.

என்னிடம் இருந்த, நல்ல நிலை என்று தெரிந்த வேறொரு பவர் சப்ளையைப் பொருத்தினேன். ஒரு வாரம் கணினி ஒருமுறைகூட அணையவில்லை. பழுது பார்க்கும் தொழிலில் பெரும்பாலான வழக்குகள் இந்த இடத்தில் முடிந்துவிடும், நானும் முடித்திருப்பேன். அக்காதான் விடவில்லை.

“பழசுல அப்படி என்னதான் கெட்டுப்போச்சு, தம்பி? அது தெரியாம புதுசு வாங்கினா, நாளைக்கு இதுவும் அப்படித்தானே ஆகும்?”

நியாயமான கேள்வி. பழையதை எடுத்துக்கொண்டு அண்ணனின் வீட்டுக்குப் போனேன்.

மேசை மேல் நடந்த சோதனை

பவர் சப்ளையைச் சோதிப்பதாகச் சொல்லி இணையத்தில் பரவலாகக் காட்டப்படுவது, 24 முனை இணைப்பில் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் காகித ஊக்கால் இணைக்கும் முறை. இணைத்தால் விசிறி சுழலும், மல்டிமீட்டரில் 12 வோல்ட் தெரியும். நாங்களும் செய்தோம், 12.11 வோல்ட் காட்டியது. பெட்டி செத்துவிடவில்லை என்பதை மட்டுமே இதிலிருந்து அறியலாம். சுமையே இல்லாத பவர் சப்ளையின் மின்னழுத்தம் சரியாக இருப்பதில் வியப்பில்லை. வெறுங்கையோடு நடப்பவர் தள்ளாடவில்லை என்பதை வைத்து அவரால் அரிசி மூட்டை தூக்க முடியும் என்று சொல்லிவிட முடியாது. சிறிய திரை வைத்த மலிவு விலைச் சோதனைக் கருவியும் இதே வகைதான். அது 12, 5, 3.3 வோல்ட் என எல்லா மின்னழுத்த வரிசையையும் சரி என்றே காட்டியது.

உண்மையான சுமை வேண்டும். தொழிற்கூடங்களில் இதற்கென்றே மின்னணுச் சுமைக் கருவிகள் உண்டு, எங்களிடம் இல்லை. பாலஸ்டியர் சாலை விளக்குக் கடையிலிருந்து 12 வோல்ட், 50 வாட் ஹாலஜன் பல்புகள் நான்கும், சிம் லிம் டவரிலிருந்து அலுமினிய உறையிட்ட 1 ஓம், 100 வாட் ரெசிஸ்டர்கள் இரண்டும் வாங்கினோம். பல்புகள் 12 வோல்ட் வரிசைக்கு. ரெசிஸ்டர்களில் ஒன்று 5 வோல்ட்டுக்கு, மற்றது 3.3 வோல்ட்டுக்கு. கூட்டினால் 200, 25, 11 என்று ஏறத்தாழ 236 வாட், அதாவது அக்காவின் கணினி ரெண்டர் செய்யும்போது கேட்கும் அதே அளவு. பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஏற்ற வேண்டும். குளிர்ந்த இழையின் மின்தடை எரியும் இழையினுடையதைவிட மிகக் குறைவு என்பதால், நான்கையும் ஒரே நேரத்தில் இணைத்தால் முதல் கணத்தில் பாயும் மின்னோட்டம் பல மடங்கு உயர்ந்து, நல்ல பவர் சப்ளைகூட மிகை மின்னோட்டக் காப்பால் அணைந்துவிடக்கூடும்.

சுமையோடு 12 வோல்ட் வரிசை 11.94 காட்டியது, 5 வோல்ட் 5.04, 3.3 வோல்ட் 3.31. மேசைக் கணினிப் பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் வரையறை நெடுங்காலமாக இந்த மூன்றுக்கும் 5 விழுக்காடு ஏற்ற இறக்கத்தை அனுமதித்துவந்தது. 12 வோல்ட் என்றால் 11.40 முதல் 12.60 வரை. எல்லாம் உள்ளேயே இருந்தன. அடுத்து ரிப்பிள். மல்டிமீட்டர் காட்டுவது சராசரி. அந்தச் சராசரியின் மேல் மின்னழுத்தம் எவ்வளவு நடுங்குகிறது என்பது, அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில்தான் தெரியும். அலைவரிசையை 20 மெகாஹெர்ட்ஸுக்குள் கட்டுப்படுத்தி, முனையில் 10 மைக்ரோஃபாரட், 0.1 மைக்ரோஃபாரட் என இரண்டு கெப்பாசிட்டர்களை (மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் உறுப்புகளை) வைத்து அளப்பது முறை. அப்படிச் செய்யாவிட்டால் அறையில் உலவும் இரைச்சலையெல்லாம் பவர் சப்ளையின் கணக்கில் எழுதிவிடுவோம். 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட் வரை அனுமதி. இது காட்டியது 52. சுவரிலிருந்து இழுத்தது 274 வாட், கொடுத்தது 236. செயல்திறன் 86 விழுக்காடு. பிரான்ஸ் ஒட்டுவில்லை பொய் சொல்லவில்லை.

கடைசியாக என் வெப்ப ஊகத்துக்கான சோதனை. பெட்டியை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, விசிறிக்குள் போகும் காற்று 45 பாகைக்கு ஏறும்படி செய்து, மூன்று மணி நேரம் ஓட விட்டோம். அசையவில்லை.

அண்ணன் அப்போது சொன்னது, நான் தொடக்கத்திலேயே யோசித்திருக்க வேண்டிய விஷயம். “சூட்டுல காப்புச் சுற்று வேலை செஞ்சிருந்தா, பெட்டி அணைஞ்சே கெடக்கும் தம்பி. பின்னாடி இருக்கற சுவிட்சைப் போட்டு எடுத்தாத்தான் திரும்ப வரும். உங்க அக்கா கணினி தானா எழுந்திருக்குதுன்னு சொல்றீங்களே?” உண்மைதான். வெப்பம், மிகை மின்னோட்டம் போன்ற காப்புகள் செயல்பட்டால் பெரும்பாலான பவர் சப்ளைகள் பூட்டிக்கொண்டு நின்றுவிடும். தானே மறுதொடக்கம் ஆகிறது என்றால், மின்சாரம் நொடிக்கும் குறைவான பொழுது தடுமாறித் திரும்பியிருக்க வேண்டும்.

குறிப்பேட்டை மறுபடியும் படித்தபோது

அக்கா ஆசிரியர், எதையும் எழுதி வைப்பவர். கணினி அணைந்த ஒவ்வொரு முறையையும் பள்ளிக் குறிப்பேடு ஒன்றில் தேதி, கிழமை, நேரத்தோடு குறித்திருந்தார். அதை முதல் நாளே என்னிடம் கொடுத்தார். நான் நேரத்தை மட்டும் பார்த்தேன்: 3.20, 3.35, 3.10, 3.40. பிற்பகல், ஆகவே வெப்பம் என்று மூடி வைத்துவிட்டேன். இப்போது கிழமைகளைப் பார்த்தபோது, திங்கள் முதல் வெள்ளி வரைதான் இருந்தன. அவருக்குக் காணொளி வேலை அதிகம் இருப்பதோ சனி, ஞாயிறு. கொளுத்தும் சனிக்கிழமை மதியங்களில் நாலைந்து மணி நேரம் ரெண்டர் ஓடியும் ஒரு பதிவுகூட இல்லை.

வார நாள்களில் 3 மணிக்கு மேல் என்ன செய்வீர்கள் என்று தொலைபேசியில் கேட்டேன். நான்கு மணிக்கு வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாள் அச்சிடுவேன் என்றார். எதில்? லேசர் பிரிண்டரில். அது எங்கே செருகியிருக்கிறது? கணினி இருக்கும் அதே எக்ஸ்டென்ஷனில். பிறகு அவராகவே சொன்னார்: “பிரிண்ட் பண்ணும்போது மேசை விளக்கு ஒருதரம் கண்ணைச் சிமிட்டும் தம்பி. ரொம்ப நாளா அப்படித்தான். அது பெரிய விஷயமான்னு நான் சொல்லல.”

லேசர் பிரிண்டர் மையைத் தாளில் உருக்கிப் பதிக்க, உள்ளே இருக்கும் உருளையை அடிக்கடி சூடேற்றும். அந்தக் கணங்களில் மட்டும் ஆயிரம் வாட் அளவுக்குத் திடீரென இழுக்கும்.

பழைய பவர் சப்ளையைத் திரும்ப மாட்டி, வீட்டிலேயே நிகழ்வை வரவழைத்துப் பார்க்க முடிவு செய்தோம். சுவர் மின்சாரத்தை ஆசிலோஸ்கோப்பில் நேராக இணைப்பது ஆபத்து. அதனால் 230 வோல்ட்டை 9 வோல்ட்டாகக் குறைக்கும் சிறிய டிரான்ஸ்பார்மர் ஒன்றை அதே எக்ஸ்டென்ஷனில் செருகி, அதன் குறைந்த அழுத்தப் பக்கத்தை அளந்தோம். ரெண்டரை ஓட விட்டு, அக்கா முப்பது தாள்களை அச்சிடக் கொடுத்தார். முதலில் அலை சீராகவே போய்க்கொண்டிருந்தது. ஏழாவது தாள் வெளியே வரும்போது விளக்கு சிமிட்டியது. திரையில் அலையின் ஒரு பகுதி, கத்தரித்து எடுத்தது போல, 8 மில்லிவிநாடிக்குக் காணாமல் போயிருந்தது. கணினி தாங்கிவிட்டது. பத்துத் தாள் கழித்து 13 மில்லிவிநாடி இடைவெளி ஒன்று வந்தது. கணினி அணைந்து எழுந்தது. மாற்றுப் பவர் சப்ளையை மாட்டி மறுபடி அச்சிட்டோம். 16 மில்லிவிநாடி அறுந்தபோதும் ரெண்டர் நிற்கவில்லை.

சுவர்ச் சுவிட்சை அணைத்துவிட்டு எக்ஸ்டென்ஷனின் செருகியை உருவியதும் காரணம் கையிலேயே கிடைத்தது. சிங்கப்பூரில் நாம் பயன்படுத்துவது மூன்று தட்டைக் கால்கள் கொண்ட, உள்ளே 13 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த செருகி. அதன் லைவ் காலின் பித்தளை, வேருக்கு அருகே கடுந்தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. காலைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகி, மீண்டும் இறுகி, ஓரத்தில் மெழுகு போல வழிந்திருந்தது. திறந்து பார்த்தால், ஃபியூஸைக் கவ்விப் பிடிக்க வேண்டிய பிடிப்பு விரிந்து போயிருந்தது. நல்ல செருகியில் ஃபியூஸை ஸ்குரூடிரைவரால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். இதிலோ கவிழ்த்ததும் என் உள்ளங்கையில் விழுந்தது. அதன் ஒரு முனைத் தொப்பியில் கரிய வளையம் படிந்திருந்தது. பிரிண்டர் ஆயிரம் வாட் இழுக்கும்போதெல்லாம் அந்தத் தளர்ந்த பிடிப்பில் பொறி பறந்து, தொடர்பு ஒரு கணம் அறுந்து, மறுபடி ஒட்டியிருக்கிறது.

இதைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே நடுக்கம் எடுத்தது. ஒரு வாரத்துக்கு முன், மாற்றுப் பவர் சப்ளையைப் பொருத்திக் கணினி சரியாகிவிட்டது என்று நான் வழக்கை மூடியிருந்தால், கணினி நன்றாகத்தான் ஓடியிருக்கும்; பிள்ளைகள் அமர்ந்து படிக்கும் அறையில் இந்தச் செருகியும் மேசைக்குப் பின்னால் சூடேறிக்கொண்டே இருந்திருக்கும். அந்த 850 வாட் பெட்டியை வாங்கியிருந்தாலும் அப்படித்தான். பெரிய பவர் சப்ளையில் பொதுவாகப் பெரிய கெப்பாசிட்டர் இருக்கும். ஆகவே அதுவும் இடைவெளிகளைத் தாண்டியிருக்கும். வாட் போதவில்லை என்ற தவறான காரணம் சரியாகிவிட்டது போலத் தோற்றம் தந்திருக்கும்.

அப்படியானால் பழைய பவர் சப்ளை குற்றமற்றதா? அதையும் பார்த்தோம். புதிய எக்ஸ்டென்ஷன் வாங்கி, பிரிண்டரைத் தனியாக வேறொரு சுவர் மின்குதையில் செருகி, அக்காவின் ஒப்புதலோடு பழைய பெட்டியை மூன்று நாள் ஓட்டினோம். ஒருமுறைகூட அணையவில்லை. பழைய பெட்டியும் பழைய செருகியும் சேர்ந்திருந்தபோது மட்டுமே கோளாறு வந்தது; இரண்டில் எதை மாற்றினாலும் மறைந்தது. ஆயினும் இரண்டுமே கெட்டவை என்பதே என் தீர்ப்பு. அதற்கான சான்று பெட்டிக்குள் இருந்தது.

பெட்டியைத் திறந்த பிறகு

மின்சாரம் திடீரென அறுந்தால், பவர் சப்ளை தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் ஆற்றலை வைத்துச் சிறிது நேரம் கணினியை நடத்த வேண்டும். இதைத் தாக்குப்பிடிக்கும் நேரம் எனலாம். மின்சாரம் அறுந்த பின் குறைந்தது 16 மில்லிவிநாடிக்கு, மின்னழுத்தங்கள் சரியாக உள்ளன என்று மதர்போர்டுக்குச் சொல்லும், சாம்பல் நிறக் கம்பியில் வரும் பவர் குட் சமிக்ஞை விழக் கூடாது. அது விழுந்த பின்னும் மின்னழுத்தங்கள் 1 மில்லிவிநாடி நிற்க வேண்டும். ஏடிஎக்ஸ் வரையறை நெடுங்காலமாகச் சொல்லிவந்தது இது. 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 இதைச் சற்றுத் தளர்த்தி, 80 விழுக்காட்டுச் சுமையில் 17, முழுச் சுமையில் 12 மில்லிவிநாடி என்று வகுத்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு முழு அலைக்கு 20 மில்லிவிநாடி. ஆக, ஓர் அலையின் பெரும்பகுதி தொலைந்தாலும் கணினிக்குத் தெரியக் கூடாது என்பதே இந்த விதியின் நோக்கம். பவர் குட் விழுந்தால் மதர்போர்டு உடனே எல்லாவற்றையும் நிறுத்தி, அது திரும்பியதும் முதலிலிருந்து தொடங்கும். அக்கா கண்டது அதைத்தான்.

அதே 236 வாட் சுமையில், மின்சாரத்தை அறுத்து, பவர் குட் விழும் வரை எவ்வளவு நேரமாகிறது என்று பத்து முறை அளந்தோம். அலையின் எந்த இடத்தில் அறுத்தோம் என்பதைப் பொறுத்து 9 முதல் 11 மில்லிவிநாடி வரை வந்தது. 11-ஐ ஒருமுறையும் தாண்டவில்லை. வீட்டில் 8 மில்லிவிநாடி இடைவெளியைத் தாங்கி, 13-இல் விழுந்ததற்கு இதுவே கணக்கு. சுமையை 45 வாட்டாகக் குறைத்தால் 50-க்கும் மேல் நின்றது. ரெண்டர் ஓடாத நேரத்தில் அச்சிட்டால் கணினி ஏன் அணையவில்லை என்பதும் இதில் விளங்கியது.

இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம் என்று இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இத்தகைய பவர் சப்ளையின் முதன்மைக் கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 390 வோல்ட் நேர்மின்னோட்டம் நிற்கும். செருகியை உருவிய பிறகும் அது உடனே இறங்கிவிடாது. அண்ணன் 2.2 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டரை நீண்ட, காப்பிட்ட பிடியில் வைத்து அதை வடித்து, மீட்டரில் சுழியைக் கண்ட பிறகே விரலைக் கொண்டுபோனார். அவர் நாற்பது வருடமாக இதைச் செய்பவர். அப்போதும் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் செய்தார்.

முதன்மைக் கெப்பாசிட்டர் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. மேல்மூடி தட்டையாக இருந்தது, கசிவு இல்லை. மேல்மூடி உப்பியிருந்தால்தான் கெப்பாசிட்டர் கெட்டது என்று நம்புகிறவர்கள் இதைத் தாண்டிப் போயிருப்பார்கள். உறையில் 400 வோல்ட், 270 மைக்ரோஃபாரட், 85 பாகை என்று அச்சிட்டிருந்தது. கழற்றி அளந்தபோது 96 மைக்ரோஃபாரட் மட்டுமே இருந்தது. மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

கணக்கு எளிது. 390 வோல்ட்டிலிருந்து சுமார் 300 வரை இறங்கும் வரைதான் இந்த வகைச் சுற்று ஓடும். 270 மைக்ரோஃபாரட்டில் அந்த இறக்கம் தரும் ஆற்றல் ஏறத்தாழ 8.4 ஜூல், 96-இல் ஏறத்தாழ 3 ஜூல். உள்ளே ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 236 வாட் கொடுக்க 270 வாட் அளவு எடுக்கப்படுகிறது. 3 ஜூல் என்பது அதற்கு 11 மில்லிவிநாடிச் சோறு. அதே மதிப்பில் புதிய கெப்பாசிட்டரைப் பற்றவைத்து மறுபடி அளந்தோம்: 30 மில்லிவிநாடி. இந்த ஓர் அளவீடு மற்ற எல்லா வாதங்களையும் முடித்துவைத்தது. இதே கணக்கை 600 வாட் முழுச் சுமைக்குப் போட்டால், புதிதாக இருந்தபோதே இந்தப் பெட்டி 12 மில்லிவிநாடியைத்தான் எட்டியிருக்கும். 600 என்ற எண்ணும் 16 மில்லிவிநாடி என்ற விதியும் இதில் ஒருநாளும் ஒன்றாக இருந்ததில்லை.

கெப்பாசிட்டர் ஏன் வற்றியது என்ற கேள்வியில் வெப்பம் வேறொரு வழியாகத் திரும்பி வருகிறது. இது போன்ற மின்பகு கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல மெல்ல ஆவியாகும். வெப்பம் 10 பாகை குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது இத்துறையின் நடைமுறைக் கணக்கு. இந்த வகைக்கான தரவுத்தாள் 85 பாகையில் 2,000 மணி நேரம் என்கிறது. தூசி அடைத்த வலையோடு, கதவு மூடிய அறைக்குள் அது 55 பாகையில் இருந்ததாக வைத்துக்கொண்டால் 16,000 மணி நேரம் வரும். அக்கா ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் வீதம் வருடத்தில் 300 நாள் பயன்படுத்துகிறார். ஆறு வருடத்தில் 16,200 மணி நேரம். எனவே அந்தக் கெப்பாசிட்டர் ஏமாற்றவில்லை, தன் ஆயுளை வாழ்ந்து முடித்திருக்கிறது. அதே இடத்தில் 105 பாகை வகை இருந்திருந்தால், அதே 2,000 மணி நேரத் தரமே ஆனாலும், 64,000 மணி நேரம் கிடைத்திருக்கும். இரண்டுக்கும் விலையில் இருக்கும் வேறுபாடு ஒரு கோப்பிக்கு ஆகும் செலவுதான். அந்தச் சில்லறையை எவரோ மிச்சம் பிடித்ததன் விலையை அக்கா தன் ரெண்டர்களில் கொடுத்திருக்கிறார் என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அடுத்து வாங்கியது

80 பிளஸ் ஒட்டுவில்லையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. 2004-இல் தொடங்கிய அந்தத் திட்டம், செயல்திறன் 60, 70 விழுக்காட்டில் கிடந்த காலத்திலிருந்து பவர் சப்ளைகளை மேலே இழுத்துவந்தது. ஆனால் அது அளப்பது செயல்திறனை, அதுவும் புதிய பெட்டியில், 23 பாகை அளவிலான அறையில். தாக்குப்பிடிக்கும் நேரம், ரிப்பிள், காப்புச் சுற்று, கெப்பாசிட்டரின் வகை ஆகிய எதையும் அந்த ஒட்டுவில்லை பேசாது. தங்க நிற ஒட்டுவில்லையைப் பார்த்துத் தரமான பெட்டி என்று நம்பி வாங்குபவர், மின்கட்டணச் சிக்கனத்தை உறுதியின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்.

அக்காவுக்காக நாங்கள் தேர்ந்தெடுத்தது 650 வாட் பெட்டி. வாட் அளவைப் பற்றி நாங்கள் அதிகம் பேசவில்லை. 550 போதும், விரும்பிய தரத்தில் கிடைத்தது 650. தனிப்பட்ட சோதனைக்கூடம் ஒன்று அதைத் திறந்து, சுமையேற்றி, 230 வோல்ட்டில் தாக்குப்பிடிக்கும் நேரத்தை அளந்து, முழுச் சுமையில் 17 மில்லிவிநாடிக்கு மேல் வருவதாக எண்ணோடு காட்டியிருந்தது. முதன்மைக் கெப்பாசிட்டர் 105 பாகை வகை என்பதைப் படத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த பிறகே வாங்கினோம். உத்தரவாதம் பத்து வருடம். இந்த எண்களைத் தராத விமர்சனத்தை, பெட்டியின் நிறத்தையும் கம்பிகளின் மென்மையையும் எவ்வளவு அழகாக வருணித்தாலும், நான் கணக்கில் எடுப்பதில்லை.

மேசை அறையின் கதவைக் கழற்றிவிட்டோம். சாமி படங்களைக் கூடத்தின் மறுபக்கத்துக்கு மாற்ற அக்காவே முன்வந்தார். எக்ஸ்டென்ஷன்கள் பாதுகாப்புக் குறியீடு பெற்றே விற்கப்பட வேண்டிய பொருள்களில் அடங்கும். புதியதில் அந்தக் குறியீடு இருப்பதைப் பார்த்து வாங்கினோம். அந்தச் சுவர் மின்குதையின் லைவ் துளையும் பழுப்பேறியிருந்தது. அதை நாங்கள் தொடவில்லை. எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர் வந்து மாற்றினார். கழற்றிய முகப்பின் பின்புறத்தை அவர் திருப்பிக் காட்டியபோது, லைவ் முனையைச் சுற்றி ஐந்து காசு அளவுக்குப் பிளாஸ்டிக் கறுத்திருந்தது. அக்கா அதை வாங்கிச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குறிப்பேட்டை எடுத்து, கடைசிப் பதிவுக்குக் கீழே அன்றைய தேதியைப் போட்டு, “மின்குதை மாற்றியது” என்று எழுதினார்.

பழைய பெட்டியை நாங்கள் அக்கா வீட்டுக்குத் திருப்பித் தரவில்லை. புதிய கெப்பாசிட்டரோடு அது இப்போது அண்ணனின் சோதனை மேசையில் பல்புகளை எரிக்கிறது. 600 வாட் என்ற அச்சின் மேல் அவர் வெள்ளைத் தாள் ஒட்டி, “236 வாட்: 30 மில்லிவிநாடி” என்று கையால் எழுதியிருக்கிறார்.